எருமை மாமா வளர்ந்துவிட்டார்

எருமை தன் உயரத்தை எப்படி அளக்கும், தெரியுமா? குளத்தில் இறங்கி நின்றுதான். போன வருசம் தண்ணீர் அதன் கழுத்தைத் தொட்டது. இந்த வருசம் முழங்காலைத்தான் தொட்டது. அவ்வளவுதான், எருமைக்குத் தலைகால் புரியவில்லை.

"அடேயப்பா, என்னமா வளர்ந்துட்டேன்!" என்று வாலைச் சுழற்றிக் குதித்தது.

காலடியில் நீந்திய அயிரை மீன் பதறியது. "மாமா, நீங்க வளரல, குளம் வத்திப்போகுது! வெயிலும் வருசா வருசம் ஏறுது. வாய்க்கால்ல பிளாஸ்டிக் கவரும் பாட்டிலும் அடைச்சுக் கிடக்கு. கொம்பால அள்ளி வெளியே போட்டீங்கன்னா ஆத்துத் தண்ணி உள்ள வரும். இல்லேன்னா நான் கருவாடுதான்!"

"வெயில்னா அடிக்கத்தான் செய்யும். நாலு கவரை அள்ளிட்டா குளம் ரொம்பிடுமாக்கும்? என் வளர்த்தி பொறுக்கலடி உனக்கு!"

சித்திரை பிறந்தது. தண்ணீர் எருமையின் குளம்புக்கு இறங்கியது. "பார்த்தியா, இப்போ நான் பனைமர உயரம்!" என்று எருமை நெஞ்சை நிமிர்த்தியது.

சேற்றில் துள்ளிக்கொண்டே அயிரை அண்ணாந்து பார்த்தது. "ஒத்துக்கறேன் மாமா. வளர்ந்ததுதான் வளர்ந்தீங்க, அந்தா போகுதே ஒரு மேகம், அதைக் கொஞ்சம் எட்டிப் பிடிச்சு இங்க பிழிஞ்சு விடுங்களேன்!"