நடந்துட்டு!

குத்துக்கல்வலசைக்குப் புதிதாகக் குடிவந்த இராமலட்சுமியின் வீட்டுப் போனுக்கு, பக்கத்து வீட்டு முத்துவடிவின் மகள் பெங்களூரிலிருந்து டிரங்க் கால் போட்டிருந்தாள்.

“ஏட்டி, நடந்துட்டா? விழலையே? நாலு வருசமா விழுந்து விழுந்து உன்னைய அழ வச்சுதே!” என்று கத்தினாள் முத்துவடிவு.

நாலு வயதுவரை நடக்காத பிள்ளையா என்று இராமலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் முத்துவடிவு கொழுக்கட்டையோடு வந்தாள்.

“இனிமே பேரன் ஓடவே செய்வான், அக்கா” என்றாள் இராமலட்சுமி.

“பேரனா? அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. நம்ம உடம்பு செல்லுக்குள்ள மோட்டாரு மாதிரி ஒரு புரதம் இருக்காம். சுமையைத் தூக்கிட்டு இழை மேல நடக்குமாம். அதைத்தான் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு நடக்க வச்சிருக்கா.”

இராமலட்சுமி தயங்கினாள். “அப்போ கல்யாணம்?”

“இதே நடந்துட்டு, அது நடக்காமலா போயிரும்?”