பின்னணி இரைச்சல்

கையெழுத்து ஒழிந்து குரலே அத்தாட்சி ஆகிவிட்ட காலத்தில், தேவசகாயம் அண்ணாச்சிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். குரல் பொருந்தவில்லை, இவர் வேறு ஆள் என்று வங்கி அவர் கணக்கைப் பூட்டியது. மருந்துக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

வங்கி ஒழுங்குமுறை ஆணையத்தில் நேற்று விசாரணை. நான் அவருடைய வக்கீல். அதிகாரி மூன்று முறை அவரைப் பேசச் சொன்னார். மருத்துவச் சான்றிதழை நீட்டினேன். "அப்படியானால் எழுத்துப்பூர்வ வாதமாகத் தாக்கல் செய்யுங்கள். நாளை ஐந்து மணி தாண்டினால் தள்ளுபடி" என்றார். பெரிய சலுகை கொடுத்ததுபோல ஒரு சிரிப்பு வேறு.

பதினாறு பக்கம் எழுதினேன். இன்று நாலே முக்காலுக்கு ஆணையத்தின் தளத்தில் ஏற்றியதும் திரையில் வந்தது: "வாதத்தின் முதல் பத்தியை மனுதாரர் தன் குரலில் வாசித்து உறுதிசெய்யவும்."

உதவி எண்ணுக்கு அடித்தேன். "அவருக்குக் குரலே கிடையாது. வழக்கே அதுதான்!" என்று கத்தினேன்.

"ஒரு வரி வாசிச்சாலே போதும் மேடம்" என்றது அந்தப் பக்கம், தேனொழுக.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி என்னை விலக்கிவிட்டு கணினி மைக்கின் பக்கம் குனிந்தார். உதட்டை அசைத்து முதல் வரியை வாசித்தார். கழுத்தில் போட்ட துளை வழியே காற்று மட்டும் சீறியது.

"பின்னணி இரைச்சலை நிறுத்திவிட்டு மீண்டும் முயலவும்" என்றது திரை.

அவர் என் பேனாவைப் பிடுங்கினார். மேஜையில் கிடந்த வாதப் பிரதியின் பின்புறம், தாள் கிழியக் கிழிய எழுதினார்:

"மூச்ச நிறுத்தச் சொல்லுதானுவளா?"