கிளிமஞ்சாரோ அடிவாரம்

ஸ்கேன் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதாக மகன் சொன்ன தெம்பில், காவாந்தண்டலம் வேதாசலம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே மகனும் மருமகளும் தை மாத ஆப்பிரிக்கப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல எகிப்து பிரமிடு. அப்பறம் கென்யாவுல சிங்கம் பாக்கலாம்," என்றான் மோகன்குமார்.

"அந்தக் கிளிமஞ்சாரோ மலை?" என்று ஆசையாகக் கேட்டார் வேதாசலம்.

"அது வேணாம் மாமா," என்றாள் ஜெயப்பிரியா.

"எனக்கோசரம் பாக்காதம்மா. நீங்க ஏறுங்க, நான் அடிவாரத்துல குந்திக்கினு கீறேன்."

மோகன்குமார் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நாங்கதான் ஏறக்கூடாது நைனா. அப்பன் செத்து வருசம் திரும்பாம எவனாச்சும் மலை ஏறுவானா?"