பதினேழாவது பாயின்ட்

இன்ஸ்பெக்டரம்மா டெஸ்டரைச் செருகினார். எர்த் சரி என்று விளக்கு எரிந்தது.

இது பதினாறாவது பிளக் பாயின்ட். பள்ளித் தாளாளருக்கு வாயெல்லாம் பல்.

பதினோரு வருடமாக அந்தப் பள்ளிக்கு எலக்ட்ரீஷியன் நான். புதிய கம்ப்யூட்டர் அறைக்கு ஒயரிங் செய்ததும் நான்தான். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்துக்கு இன்னும் குழியே வெட்டவில்லை என்பது எனக்கும் தாளாளருக்கும் மட்டும் தெரியும்.

"குழியெல்லாம் திறப்பு விழா முடிஞ்சு பாத்துக்கலாம். டெஸ்டர்ல லைட் எரியணும், அவ்வளவுதான்" என்று போன வாரமே சொல்லிவிட்டார்.

முப்பது பாயின்டிலும் எர்த்தை நியூட்ரலோடு ஒரு துண்டு ஒயரால் கோத்துவிட்டேன். டெஸ்டரை ஏமாற்ற அது போதும். என்றைக்காவது மெயினில் நியூட்ரல் அறுந்தால், முப்பது கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியிலும் கரண்ட் பாயும். தொடப்போவது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். கோழை என்று திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

பதினேழாவது பாயின்டில் அந்த அம்மா நின்றார். குனிந்து பார்த்தார். டெஸ்டரைப் பையில் போட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

மூடி கழன்றது. சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காய் வெளியே வந்தது.

"யார் பாத்த வேலை இது?"

நான் கையைத் தூக்கினேன். தாளாளர் ஒன்றும் அறியாதவர் மாதிரி குதித்தார். பிள்ளைகள் உயிரோடு விளையாடுகிறாயா என்று என்னைக் கேட்டார். சாவிக்கொத்தை அங்கேயே வாங்கிக்கொண்டு வெளியே போகச் சொன்னார்.

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மெயினை அணைத்து சீல் வைத்தார். குழி வெட்டி, ஒழுங்காக எர்த் போட்டு, மறுபடி சோதிக்கும்வரை அறைக்குக் கரண்ட் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். வேலை போனவன் நடக்கிற நடையா இது என்று எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலில் இப்படி ஒரு கண் இருக்கிறதே என்று அவ்வளவு பெருமை.

அந்த அம்மாவை நான் முன்பின் பார்த்ததில்லை.

முப்பது மூடிக்கு அறுபது ஸ்க்ரூ. ஐம்பத்தொன்பதின் தலையில் இருக்கும் வெட்டும் நூல் பிடித்தது போல் நேராக நிற்கும். என் கை வேலை அப்படி. பதினேழாவதில் ஒன்றை மட்டும் நேற்றுப் போய்ச் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.