நாளைக்குக் கட்சி மாறணும்

தேர்வு வேண்டுமா, வேண்டாமா? காலையில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்து மோதவிட்டார். பேசுவதற்கே மதிப்பெண் என்றதும் கடைசி பெஞ்சு வரை கைகள் உயர்ந்தன. வருடம் முழுக்க வாயே திறக்காத மாணவிகூட எதிர்க்கட்சியை வாங்கு வாங்கென்று வாங்கினாள். கல்லூரியைச் சோதிக்க வந்து பின்னால் உட்கார்ந்திருந்த ஆய்வுக்குழு திருப்தியாக எழுந்து போனது.

மணி அடித்தும் அவள் அவரை விடவில்லை.

"இத்தனை நாளா செல்லைத் தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம் சார். இன்னைக்குத்தான் காலேஜ் மாதிரி இருக்கு."

"நாளைக்குக் கட்சி மாறிப் பேசணும். யோசிச்சுட்டு வாங்க" என்றார் உற்சாகமாக.

வாசலில் முதல்வர் காத்திருந்தார்.

"அசத்திட்டீங்க சார்! அடையாள அட்டையைக் குடுத்துடுங்க. வாடகைக்குக் கூட்டிட்டு வந்த மத்த வாத்தியாருங்க எல்லாம் வேன்ல ஏறியாச்சு."

"நாளைக்கு ஒருநாள் வரட்டுமா சார்? பசங்ககிட்ட சொல்லிட்டேன்..."

"ஆய்வுதான் முடிஞ்சுபோச்சே! நாளைக்கு உங்களுக்கு வேற காலேஜ்ல ஆய்வு."

அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறினார். வேன் நகர்ந்தபோது மாடி ஜன்னலிலிருந்து அந்த மாணவி கையாட்டிக் கத்தினாள்.

"சார், நாளைக்கும் நாங்கதான் ஜெயிப்போம்!"