நான்கு துண்டு றப்பர்

"நட" என்றான் கிறகரி.

ஐரின் அறையின் குறுக்கே நடந்தாள். பலகைத் தளம் வழக்கம்போல அனுங்கியது. மேசைமேல் கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. ஊசி அசையவில்லை.

"இன்னும் பலமா மிதி. பெரஹெரா ஊர்வல யானை மாதிரித்தானே நடப்பே, இன்னைக்கு மட்டும் என்ன வெட்கம்?"

பலமாக மிதித்தாள். அவன் பார்த்தது ஊசியை.

பாடுகிறவள் தெரேசா, கிறகரியின் முதல் மனைவி. கொழும்புக்கு வந்த இசைத்தட்டுக் கொம்பனிக்காரர்கள் அவளுடைய மாதா பாட்டு ஒன்றைத் தட்டில் பதிந்தார்கள். தட்டு வந்து சேர்ந்த மாதமே அவள் காய்ச்சலில் போய்விட்டாள். வேறு பிரதி கிடையாது.

மக்கீன் கடைக்கு மேலிருந்த அந்த மாடிவீட்டில் யார் நடந்தாலும் ஊசி துள்ளும். துள்ளிய இடத்தில் தட்டில் வெள்ளைக் கீறல் விழும். கீறலுக்கு ஒன்றாக ஐரினின் கன்னத்தில் அறை விழும்.

கிராமபோன் பெட்டிக்கு அடியில் கிறகரி என்னென்னவோ வைத்துப் பார்த்தான். கம்பளியை நாலாக மடித்து வைத்தான். பழைய தொப்பியை வெட்டிப் பெட்டிக்கு அடியில் கொடுத்தான். ஒருநாள் கட்டிலில் கிடந்த பஞ்சு மெத்தையையே இழுத்து மேசையில் போட்டான். பெட்டி சரிந்து இன்னொரு கீறல்.

"செத்தவளுக்கு மெத்தை, எனக்குப் பாயா?" என்று அன்றைக்குக் கேட்டாள். அந்தக் கீறலுக்கும் கேள்விக்கும் சேர்த்து வாங்கினாள்.

ஆபீசுக்குப் போகும்போது மாடிப்படிக் கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வான். வீட்டில் இருக்கும்போது பூட்டுவதில்லை. அப்போது காவலுக்கு ஊசி இருந்தது.

றப்பர் யோசனை ஐரினுடையது. வத்தேகமவில் றப்பர் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த அண்ணன் மரியநாயகத்துக்கு அவளே கடிதம் எழுதினாள். புகை போட்ட றப்பர், விரல் தடிப்பில், நாலு துண்டு. வேறு ஒரு வரி இல்லை. கிறகரி இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் தபாலில் போட்டான்.

"இப்பவாவது புத்தி வந்திச்சே."

றப்பர் நேற்று வந்தது. இன்று சனிக்கிழமை, பிற்பகல். பெட்டியின் நான்கு மூலைக்கும் அடியில் நான்கு துண்டு. வீடெல்லாம் புகை நாற்றம்.

"குதி" என்றான்.

குதித்தாள். அலுமாரிக்குள் பீங்கான் கிலுங்கியது. தெரேசா தடுமாறாமல் பாடினாள்.

கிறகரியின் முகம் இளகியது. மணம் முடித்த இரண்டு வருடத்தில் ஐரின் அப்படியொரு முகத்தைப் பார்த்ததில்லை. ஊசியை எடுத்துப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தான். கதிரையை இழுத்துப் போட்டுக் காதைக் குழலுக்குள் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"அடுப்படிப் பக்கமும் போய் மிதி. நான் சொல்ற வரைக்கும் நிக்காதே."

"சரிங்க."

மிதித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அடுப்படியை ஒட்டித்தான் படிக் கதவு.

முதல் படி. இரண்டாம் படி.

போன மாதம் இறங்கப் பார்த்தபோது இந்த இரண்டாம் படியில்தான் ஊசி துள்ளிற்று. கிறகரி வந்து கொண்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போனான்.

ஐரின் நின்றாள். மேலே பாட்டு போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் படி.

கீழே கடையில் மக்கீனின் மனைவி ஸக்கியா காத்திருந்தாள். காலையில் டோபிக்கென்று கிறகரியின் கண்முன்னாலேயே கட்டி இறக்கிய அழுக்கு மூட்டையை அரிசிச் சாக்குகளின் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதில் கிறகரியின் உடுப்பு ஒன்றுகூட இல்லை.

"வத்தேகம பஸ் நிக்கிது, தங்கச்சி" என்றார் மக்கீன், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேலே தெரேசா பாட்டின் கடைசி வரிக்கு வந்திருந்தாள். ஐரின் அந்த வரியை முழுதாகக் கேட்டது அன்றுதான்.