வேலாயுதத்தைத் தொட்டால்

வேலாயுதத்தைத் தொட்டாள்.

வெள்ளத்துரை வந்தார்.

பட்டியலுக்குத் திரும்பி மறுபடி தொட்டாள். மறுபடியும் வெள்ளத்துரை. பெயர், வயது, தெரு, கீழே பச்சை நிறத்தில் அழைப்புப் பொத்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஆள்தான் வேறு.

வெள்ளத்துரை இறந்து மூன்று வாரம் ஆகப்போகிறது.

நர்ஸ் பிரிசில்லா அவள் நாற்காலிக்குப் பின்னால் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர். போக முடியாத நாளில் காலையிலேயே போனில் விசாரித்துவிடுவார். அதற்கென்று அவள் செய்து கொடுத்த செயலி இது.

"வேலாயுதம் ஐயா வீட்டுக்குத்தான் பேசுதேன்னு நெனச்சேன்மா. 'ஐயா கஞ்சி குடிச்சாவளா'ன்னேன். அந்தம்மா 'குடிச்சாவ'ன்னாவ. நேத்து 'வலி இருக்கா'ன்னேன். 'இல்ல, உறங்குதாவ'ன்னாவ."

அந்த இரண்டு நாளும் வேலாயுதம் வீட்டில் வலி மருந்து இல்லை. அவர் மனைவி போனைப் பார்த்துப் பார்த்து இருந்துவிட்டு, இன்று காலை தானே கூப்பிட்டு அழுதிருக்கிறார். அதன் பிறகுதான் பிரிசில்லா திரையின் உச்சியில் இருந்த பெயரைப் படித்தார். மருந்தை அங்கே கொடுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார்.

"பேரப் பாக்காம பேசுனது எந் தப்புதான்."

எய்தவள் உட்கார்ந்திருக்க, அம்பு மன்னிப்புக் கேட்டது. அவளுக்குக் கூசிப்போயிற்று.

கோளாறு பெரிதில்லை.

இறந்தவர் பெயரைப் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பிரிசில்லாவின் குழுவினர் எடுப்பதில்லை. அதுவரை அந்த வீட்டுக்கும் போய்வருவார்கள். அப்புறம்தான் பெயரை மறைப்பார்கள். மறைத்த பெயர் கண்ணுக்குத் தெரியாதே தவிர, உள்ளே அதன் இடம் அப்படியே இருக்கும். அவள் எழுதிய நிரல், தொட்ட பெயர் யாருடையது என்று கேட்கவில்லை. எத்தனையாவது வரி என்று மட்டும் கேட்டது.

திரையில் வேலாயுதம் பன்னிரண்டாவது, கடைசி. மறைந்தவரையும் சேர்த்து எண்ணினால் பன்னிரண்டாவது வெள்ளத்துரை.

பதினாறுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிய மறுநாள், வெள்ளத்துரையின் மனைவி மட்டும் இருந்த அந்த வீட்டில் போன் அடித்திருக்கிறது.

வரிசையை விட்டுவிட்டு ஆளைக் கேட்கும்படி மாற்றினாள். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இத்தனூண்டு வேலைக்கா ஒரு மனிதர் இரண்டு நாள் துடித்தார் என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

வேலாயுதத்தைத் தொட்டாள்.

வேலாயுதம் வந்தார்.

மேலிருந்து கீழ்வரை ஒருவர் விடாமல் தொட்டுப் பார்த்தாள். எல்லோரும் அவரவர் பக்கத்தில் இருந்தார்கள். வெள்ளத்துரையின் பக்கத்துக்குப் போக இனி எந்த வழியும் இல்லை.

பிரிசில்லா போனை வாங்கிக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை.

"நேத்து வைக்கும்போது அந்தம்மா, 'நாளைக்கும் கூப்பிடுவியளா'ன்னாவ. நானும் ஆமான்னுட்டேன்."



அவள் கையை நீட்டி போனைத் திரும்ப வாங்கினாள். புதிய பெயர் சேர்க்கும் பக்கத்தைத் திறந்தாள்.

"அவங்க பேரு?"

"பேச்சியம்மா."

பெயரை எழுதினாள். கணினியில் வெள்ளத்துரையின் பெயருக்கு எதிரே இன்னும் இருந்த அதே எண்ணைப் பார்த்து எழுதினாள். 'நோய்' என்ற கட்டம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. அதை நிரப்பாமல் செயலி மேற்கொண்டு விடாது. அவளே வைத்த கட்டுப்பாடுதான். வைத்தபோது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

கணினிப் பக்கம் திரும்பி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தாள்.

பட்டியலில் ஒரு பெயர் கூடியது. அதைத் தொட்டாள். பேச்சியம்மாள் வந்தார். பச்சைப் பொத்தானை அழுத்தி, போனைப் பிரிசில்லாவிடம் நீட்டினாள்.

பிரிசில்லா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

முதல் மணி முடிவதற்குள் அங்கே எடுத்துவிட்டார்கள்.